பத்மினிக்கு எந்த ஷாக்: ஆயிலா, கேஸா, புதுப்பேட்டை ரீகண்டிஷனா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பழைய பிரீமியர் பத்மினி காரை ஒரு நடை ஓட்டினால் போதும், ஷாக் அப்சார்பரின் நிலைமை தெரிந்துவிடும். பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி ஒரே ஆட்டத்தில் அடங்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போனால் ஷாக் போய்விட்டது. அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

மாற்றலாம் என்று வாயைத் திறந்தால் ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் புது ஆயில் ஷாக் போடச் சொல்வார். கேஸ் ஷாக் போட்டால் வண்டி மிதக்கும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பழையதையே சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ரீகண்டிஷன் செய்யச் சொல்வார். என் ஓட்டு ஆயில் ஷாக்குக்குத்தான்.

கேஸ் ஷாக் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆயில் ஷாக்கில் பிஸ்டன் வேகமாக மேலும் கீழும் போகும்போது எண்ணெயில் காற்று கலந்து நுரைக்கும். நுரைத்தால் பிடிமானம் குறையும். உள்ளே அழுத்தத்தோடு நைட்ரஜன் அடைத்திருந்தால் அந்த நுரை அடங்கும். கேஸின் உண்மையான லாபம் இதுதான். வேகமாக, வெகுநேரம், மோசமான சாலையில் ஓடும் வண்டிக்கு அது தேவை. ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி, வேகத்தடைக்கு வேகத்தடை நின்று, மெரினா வரை போய்வரும் பத்மினியில் எண்ணெய் நுரைக்க வாய்ப்பே இல்லை.

மாறாக, கேஸ் ஷாக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பத்மினிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றிலேயே நின்ற வண்டி என்றால் ஷாக் மாட்டும் இடத்துத் தகடு எந்த அளவுக்கு அரித்திருக்கிறது என்று முதலில் குத்திப் பாருங்கள். அரித்த தகட்டுக்கு விறைப்பான ஷாக் கூடுதல் சுமை. இன்னொன்று, பின்பக்கம் தாழ்ந்துபோன வண்டியைக் கேஸ் ஷாக் தூக்கி நிறுத்தும் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். பின்பக்கம் தாழ்ந்த வண்டிக்கு அங்கே இருக்கும் பட்டை ஸ்பிரிங்கைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ரீகண்டிஷன் மலிவு, அதை மறுக்க முடியாது. ஷாக்கை வெட்டித் திறந்து, ஆயில் சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி, திரும்ப வெல்டிங் வைப்பார்கள். ஆனால் சீல் வழியாக உள்ளே போய்வரும் ராடில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும். வால்வு தேய்ந்திருந்தால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை. வாங்கும்போது நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை அமுக்கி இழுத்துப் பாருங்கள்: நடுவில் எங்காவது சட்டென்று இலகுவாகப் போனால் வேண்டாம். புதுசே கிடைக்காத மாடலுக்கு மட்டும் இந்த வழி.

வேறு காரின் ஷாக்கை மாட்டிவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஷாக்கின் முனையில் போல்ட் மாட்டும் கண்ணும் அதற்குள் இருக்கும் புஷ்ஷும் பொருந்துவது மட்டும் போதாது, முழுக்க அமுங்கிய நீளமும் முழுக்க விரிந்த நீளமும் பொருந்த வேண்டும். அமுங்கிய நீளம் கூடுதலாக இருந்தால் பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தாங்கிக்கொள்ளும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் அடிதட்டும். அப்புறம் மாட்டிய இடமே பிய்ந்துகொள்ளும்.

சரி, வீட்டிலா, மெக்கானிக்கிடமா? இதில் முன்னும் பின்னும் ஒன்றல்ல. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், அது வீட்டு வேலை. ஷாக்கைக் கழற்றினாலும் வண்டி பட்டையில்தான் நிற்கும். முந்தின நாளே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். தெரு கெட்டியான சிமென்ட் தரையாக இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம், செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. ஆக்ஸில் தொங்கினால் பிரேக் ஹோஸ் இழுபடும், அதனால் ஆக்ஸிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுங்கள். அதையே கொஞ்சம் ஏற்றி இறக்கினால் போல்ட்டும் துளையும் நேராக வரும்.

புது ஆயில் ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து, முழுக்க இழுத்து அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பளபளக்கும் ராடை எக்காரணம் கொண்டும் பிளையரால் பிடிக்காதீர்கள்; ஒரு கீறல் போதும், சீல் போய்விடும். இடது, வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர் யாராவது தெருவில் இருந்தால் ஸ்பேனர் பிடிக்க அவரைக் கூப்பிடுங்கள். திட்டிக்கொண்டே செய்தாலும் வேலை சுத்தமாக இருக்கும்.

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். அமுங்கிய நிலையில் இருக்கும் அது தப்பித் தெறித்தால் கையோ முகமோ போய்விடும். ஸ்பிரிங் அமுக்கும் கருவியும் அனுபவமும் இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள். பின்பக்கத்தை நீங்களே மாற்றி மிச்சம் பிடித்த கூலியை முன்பக்கத்துக்கு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.