தொடையில் ஒரு டேப்லெட்: கட்டுப்பாட்டு வான்வெளியில் எட்டு ஆண்டுகள்

2017ஆம் ஆண்டில் தனியார் விமானி உரிமம் கைக்கு வந்த வாரத்திலேயே, டேப்லெட்டில் இயங்கும் விமான வரைபடச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். அதன்பின் டேப்லெட் இருமுறை மாறிவிட்டது, செயலி மாறவில்லை. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் பாராட்டுவதும் குறைகூறுவதும் இந்த வகைச் செயலிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய பொருந்தும் என்பதே காரணம்.

நான் குடியிருப்பது சிங்கப்பூரின் யீஷூனில். சிலேத்தார் ஓடுபாதை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான் என்றாலும், என் பறப்பு நேரத்தின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தின் ஜண்டகாட் விமான நிலையத்தில்தான் கழிந்திருக்கிறது. கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர்கூடத் தேறாத தீவில் சாங்கி, பாய லேபார், தெங்கா, செம்பவாங், சிலேத்தார் என ஐந்து தளங்கள் இருக்கின்றன. நீரிணைக்கு அப்பால் ஜோகூரின் வான்வெளி தொடங்கிவிடுகிறது. இங்கே சிறு விமானத்தில் ஏறினால், எந்தத் திசையில் மூக்கைத் திருப்பினாலும் யாரிடமாவது அனுமதி கேட்டாக வேண்டும். பெர்த்தோ ஐந்து மணி நேரப் பயணம், கடிகாரத்தைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு நீண்ட வார இறுதிகளை அங்கே கழிப்பவர்கள் எங்கள் வட்டத்தில் பலர் உண்டு.

செயலியின் உண்மையான பலம் வான்வெளியின் எல்லைகளைக் காட்டுவதில் இருக்கிறது. பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியைப் புதியவர்களுக்கு விளக்கும்போது, கொலுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படி என்றுதான் சொல்வேன். நிலையத்தின் அருகே அது தரையிலிருந்தே தொடங்கும். விலகிச் செல்லச் செல்ல அதன் அடித்தளம் படிப்படியாக உயரும். அந்தப் படிகளுக்கு அடியில் அனுமதி கேட்காமலே பறக்கலாம், ஆனால் எந்தப் படிக்கு அடியில் இருக்கிறோம் என்பது ஒவ்வொரு நிமிடமும் தெரிந்தாக வேண்டும். கட்டுப்பாட்டு வான்வெளியை எழுத்துகளால் வகுப்பு பிரித்திருக்கிறார்கள். ஜண்டகாட்டைச் சுற்றியிருப்பது டி வகுப்பு. அதற்கு மேலேயும் வடகிழக்கிலும் பெர்த் நிலையத்தின் சி வகுப்பு. நகரத்துக்கு வடக்கே, சிங்கப்பூர் ஆகாயப் படை 1993 முதல் தன் விமானிகளைப் பயிற்றுவித்துவரும் பியர்ஸ் தளத்தின் தடுப்புப் பகுதிகள், அதாவது அனுமதியின்றி நுழையக் கூடாத வான்பகுதிகள். காகித வரைபடத்தை மடியில் விரித்து, கட்டைவிரலால் இடத்தை நகர்த்திக்கொண்டே இவற்றைக் கணித்த காலத்தில், வெளியே பார்க்க வேண்டிய கண்கள் பாதி நேரம் உள்ளேதான் இருந்தன. இப்போது ராட்னெஸ்ட் தீவிலிருந்து திரும்பும்போது அடுத்த எல்லைக்கு எத்தனை மைல், எத்தனை நிமிடம் என்பதை ஒரே பார்வையில் அறிந்து, கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைக்கும் நேரத்தை நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறேன். இந்த ஒரு வசதிக்கே சந்தாப் பணம் தகும்.

உயரத்தைப் பொறுத்தவரை கதை வேறு. செயலி காட்டுவது செயற்கைக்கோள் கணக்கிட்ட உயரம். சட்டமும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் கேட்பதோ, அன்றைய கியூஎன்எச் அழுத்தத்தை, அதாவது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தத்தை, ஏற்றிய ஆல்டிமீட்டர் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி) காட்டும் உயரம். ஆல்டிமீட்டர் தன் கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளும் திட்ட வெப்பநிலையிலிருந்து விலகும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இவ்விரண்டும் சுமார் 4 விழுக்காடு விலகும். பெர்த்தின் கோடையில் 38 டிகிரி வெயிலில், 2,000 அடியில் தொடங்கும் படிக்குக் கீழே ஆல்டிமீட்டர்படி 1,900 அடியில் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தேன். திரையோ ஏறத்தாழ 170 அடி கூட்டிக் காட்டி, நான் அத்துமீறிவிட்டதாகச் சிவப்பாய் எச்சரித்தது. முதல்முறை பதறிப்போய்க் கீழே இறங்கினேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. குளிர் மிகுந்த நாடுகளில் இதே பிழை எதிர்த்திசையில் நிகழும். படிக்குள் நுழைந்த பிறகும் திரை வாயே திறக்காது. ஆயினும் இந்த எண்ணை நான் முற்றிலும் ஒதுக்குவதில்லை. அழுத்தத்தை ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறாக ஏற்றினால் ஆல்டிமீட்டர் சுமார் 30 அடி பிசகும். இரண்டுக்கும் இடையே வெப்பத்தால் விளக்க முடியாத அளவு வேறுபாடு தெரிந்தால், ஏற்றிய எண்ணை ஒருமுறை சரிபார்க்கிறேன்.

வெயிலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கூரைக்கு அடியில் டேப்லெட் சூடேறித் தானாக அணைந்துபோவது எனக்கு மூன்று முறை நேர்ந்திருக்கிறது. காற்று வரும் துளையின் அருகே பொருத்துவதும், பறப்பின்போது மின்னேற்றாமல் இருப்பதும் ஓரளவு உதவுகின்றன. காகித வரைபடம் இன்னும் என் பையில் இருப்பதற்குக் காரணம் பழைமைப்பற்று அல்ல.

இனி, இந்த எட்டு ஆண்டுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்த நிகழ்வு. பெர்த் நகரக் கட்டடங்களுக்கு மேலே ஒரு வட்டமடித்து வருவது அங்கே பறப்பவர்களுக்கெல்லாம் பிடித்த உலா; அது சி வகுப்பு என்பதால் வெளிப்படையான கிளியரன்ஸ், அதாவது கட்டுப்பாட்டாளர் வாய்விட்டுத் தரும் அனுமதி, வேண்டும். முந்தைய இரவே விடுதியில் உட்கார்ந்து பாதையைச் செயலியில் வரைந்து, உயரம் 2,000 அடி என்று குறித்திருந்தேன். வானில் அனுமதி கேட்டபோது, "கிளியர்ட் சிட்டி ஆர்பிட், ஒன் தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட்" என்று தெளிவாகவே பதில் வந்தது. நான் திருப்பிச் சொன்னது "டூ தவுசண்ட்". காதில் விழுந்ததைச் சொல்வதாகத்தான் அந்தக் கணத்தில் நம்பினேன். உண்மையில், தொடைமேல் இருந்த திரையில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். "நெகட்டிவ்" என்று கட்டுப்பாட்டாளர் இடைமறித்து, உயரத்தை மட்டும் மீண்டும் நிறுத்திச் சொன்னார். குரலில் எரிச்சல் இல்லை. என் முகத்தில் மட்டும் வெப்பம் ஏறியது.

உயரம், திசை, ஓடுபாதை, அழுத்தம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) குறியெண் ஆகியவற்றை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதி எதற்காக இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. 1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, புறப்பட்ட பின் செல்ல வேண்டிய பாதைக்குத் தரப்பட்ட அனுமதி, புறப்படுவதற்கே தரப்பட்ட அனுமதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எதிர்பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் காது கேட்கும். செயலியில் வரைந்த பாதை, அந்த எதிர்பார்ப்பைப் பளிச்சென்ற இளஞ்சிவப்புக் கோடாக்கிக் கண்முன் நிறுத்திவிடுகிறது. அது என் விருப்பம் மட்டுமே. ஆனால் திரையில் அனுமதியைப் போலவே தோற்றமளிக்கிறது.

சிங்கப்பூர் திரும்பியதும் ஜாலான் காயுவில் புராட்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு இருபது ஆண்டுகள் மூத்த விமானி அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நீ எங்க இருக்கன்னு அது காட்டுது தம்பி. உனக்கு என்ன சொன்னாங்கன்னு அதுக்குத் தெரியாதே" என்றவர், தொடையில் கட்டிக்கொண்டு குறிப்பெழுதும் தன் தொடைப்பலகையின் சுருக்கெழுத்தை மேசைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். அனுமதிக்கப்பட்ட இடம், உயரம், குறியெண், அடுத்து அழைக்க வேண்டிய அலைவரிசை என்று நான்கே வரிகள். அன்று முதல் பாதையில் உயரத்தைக் குறிப்பதை விட்டுவிட்டேன். கிளியரன்ஸ் வரும்போது பென்சிலால் எழுதி, எழுதியதைப் பார்த்தே திருப்பிச் சொல்கிறேன். அதன் பிறகுதான் திரையைத் தொடுகிறேன்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இன்னோர் இடமும் உண்டு, அதிலும் செயலி கைகொடுக்காது. இணையக் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே சி, டி வகுப்புகளில் கட்டுப்பாட்டாளர் நம் அழைப்புக்குறியைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றாலே இருவழித் தொடர்பு ஏற்பட்டுவிட்டது, உள்ளே நுழையலாம். பி வகுப்புக்கோ வெளிப்படையான அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவில் அப்படியன்று. "ஸ்டாண்ட்பை" என்றால் எல்லைக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்று பொருள். எங்கள் குழுவில் ஒருவர் காணொளிப் பாடத்தை நம்பி எல்லைக் கோட்டை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த பயிற்சியாளர்தான் விமானத்தைத் திருப்பினார். திரையில் இரு நாட்டுக்கும் அதே நிறக் கோடுகள்.

தரவுப் புதுப்பிப்பு 28 நாள் சுழற்சியில் வருகிறது. அதைத் தள்ளிப்போடுவது என் பழக்கமாக இருந்தது. சிலேத்தாரின் புதிய கருவிவழித் தரையிறக்க முறையை ஒட்டிய கருத்து வேறுபாட்டில், 2019 ஜனவரியில் மலேசியா ஜோகூரின் பாசிர் கூடாங்குக்கு மேலே தடுப்புப் பகுதி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏப்ரலில் சிங்கப்பூர் அந்தத் தரையிறக்க முறையை மீட்டுக்கொள்ள, மலேசியாவும் தடுப்பை நிறுத்திவைத்தது. வீட்டு மாடியிலிருந்து பார்க்கும் வானத்திலேயே மூன்றே மாதங்களில் ஒரு கோடு தோன்றி மறைய முடியும் என்று கண்ட பிறகு, புறப்படும் முந்தைய இரவில் புதுப்பிக்காமல் நான் படுப்பதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் இல்லை, சிம் வசதியுள்ள மாடலையோ, தனி ஜிபிஎஸ் கருவியையோ வாங்க வேண்டும். என் முதல் டேப்லெட்டில் இதைக் கவனிக்காமல் ஏமாந்தேன். சிறிய திரையே போதும். பெரியது வாங்கினால் கட்டுப்பாட்டு நெம்புகோலை முழுதும் இழுக்கும்போது இடிக்கிறது. ஒன்பதாம் ஆண்டுச் சந்தாவைச் சென்ற மாதம் கட்டிவிட்டேன். வலத்தொடையில் தொடைப்பலகை, இடத்தொடையில் டேப்லெட் என்பது இப்போதைய ஏற்பாடு. எழுதும் கை வலக்கை என்பதால்.