தோட்ட உத்தியோகத்தர்களுக்கு ஹட்டனில் நடக்கும் மாற்ற முகாமைத்துவப் பயிற்சி: போகலாமா?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வரப்போகுது என்றதும் கம்பனி எங்களை, அதாவது சின்னத்துரைமார் (உதவி முகாமையாளர்கள்), வெளிக்கள உத்தியோகத்தர்கள், தொழிற்சாலை ஆட்கள் எல்லாரையும் ஹட்டனில் ஒரு வார இறுதிப் பயிற்சிக்கு அனுப்பியது. மேலே பெரிய துரை (தோட்ட முகாமையாளர்), கீழே தொழிலாளர், நடுவில் நிற்கிற நாங்கள் ஒரு புது விஷயத்துக்கு எப்படி ஆதரவு சேர்ப்பது என்பதுதான் பாடம். கட்டாயம் போங்கள்.

இதில் ஆகச் சிறந்த பகுதி, பயிற்சியாளரே தொழிற்சங்கத் தலைவராக உட்கார்ந்து எங்களை மடக்கியது. "சாக்குக்கும் தண்ணிக்கும்னு நிறையில எத்தனை கிலோ கழிப்பீங்க? நம்பர் எங்க கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார், யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்) அறிவித்த பிறகு விளக்கம் சொன்னால் அது உத்தரவாகத்தான் கேட்கும், அதனால் அதற்கு முன்பே சங்கத் தலைவர், மாதர் தலைவி, கங்காணி (வேலையை மேற்பார்க்கிறவர்) மூவரையும் தனித்தனியாகப் பார்த்து இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டு வாருங்கள் என்றார். கணக்குப்பிள்ளையை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை, தராசு தானாகக் கணக்கு வைத்தால் அவர் வேலை என்னாகும் என்ற பயம் அவருக்கும் இருக்கும்தானே.

2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்துவிட்டு அந்த வருஷக் கடைசியிலேயே கைவிட்டதை எடுத்துப் பேசியது நல்ல விவாதம். உரம் போடுகிறவனையும் தோட்டம் நடத்துகிறவனையும் கேட்காமல் வந்த மாற்றம் அது, அதன் அடியை மலையில் எல்லாரும் பட்டோம். மேலிடத்தைச் சம்மதிக்க வைக்க முதலில் தோட்டத்தின் ஒரு டிவிசனில் (பிரிவில்) மட்டும் செய்து, அந்தக் கணக்கோடு போய்ப் பெரிய துரையிடம் பேசுங்கள் என்றதும் நடைமுறைக்கு ஒத்துவருகிற யோசனைதான்.

குறை என்றால், உதாரணங்களில் பாதி கொழும்பு வங்கியும் ஆடைத் தொழிற்சாலையும். நாட்சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலை நிலத்தைத் தொழிலாளரிடம் பிரித்துக் கொடுத்து கொழுந்துக்குக் காசு கொடுக்கிற முறைதான் இப்போது தோட்டங்களில் பெரிய சர்ச்சை, அதை அவசரமாகத் தாண்டிப் போனார்கள். அதற்கு அரை நாளாவது வேண்டும். கையேடும் ஆங்கிலத்தில் மட்டும். சாப்பாடு, மண்டபம் எல்லாம் சரி.

ஒரே தோட்டத்திலிருந்து ஆட்கள் சேர்ந்து போனால் நல்லது, அப்புறம் பதியும்போதே தமிழ்க் கையேடு கேளுங்கள், முடிந்தால் கங்காணிமாரையும் அனுமதிக்கச் சொல்லுங்கள்.