கால் மெசினா, கரண்ட் மெசினா: உப்புக்காற்றுக்கு எது தாக்குப்பிடிக்கும்?

ஓகஸ்ட் லீவு தொடங்கினால் திருகோணமலையில் எங்கள் வீட்டில் மூன்று வேலை ஒரே நேரத்தில் ஓடும். பிள்ளைகளைக் கடலுக்கும் கன்னியாவுக்கும் கூட்டிக்கொண்டு போவது, மலிவுச் சாமான் தேடி அலைவது, மிச்ச நேரத்தில் தைப்பது. இந்த முறை மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. தேடி அலைந்த மலிவுச் சாமானே தையல் மெசின்தான்.

தையல் என்றால் சட்டை, பாவாடை இல்லை. பைகள். 2025 நவம்பரில் இருந்து கடைகளில் பொலித்தீன் பைக்குக் காசு வாங்கத் தொடங்கிய பிறகு, அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் துணிப்பை தேவைப்பட்டது. பழைய ஜீன்ஸ், கிழிந்த சாரம், மருதமுனைக் கைத்தறித் துண்டு, கட்பீஸ் கடையின் மீதித்துணி என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டி ஒட்டித் தைத்தேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறவர்கள் ஈர உடுப்புப் போட்டுவர உள்ளே மழைக்கோட்டுத் துணி வைத்த பை கேட்டார்கள். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளிக் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட ஓட்டோவில் ஏறினால் ஓட்டோக்காரர் முகம் எப்படிப் போகும் என்று தெரியும்தானே. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாய் மூடிக் கட்டும் பை கேட்டார்கள். கோட்டைக்குள் நிற்கும் மான்கள் அர்ச்சனைத் தட்டையும் விடாது, பையையும் விடாது.

கையில் இருந்த தெரிவு இரண்டு. ஒன்று, கடையில் புதிதாக வரும் சின்னக் கரண்ட் மெசின். வெள்ளை உடம்பு, பிளாஸ்டிக் மூடி, பக்கத்தில் திருகினால் விதவிதமான தையல். மற்றது பழைய கறுப்பு இரும்பு மெசின், காலால் மிதிப்பது. நான் எடுத்தது இரண்டாவதை. ஆகையால் இந்த எழுத்து அந்தப் பக்கம்தான் சாயும்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கரண்ட் மெசின் வேகம், பாரம் குறைவு, ஐந்தாறு கிலோதான் வரும். பட்டன் ஓட்டை போடும், வளைந்து வளைந்து போகும் சிக்சாக் தையலும் போடும், மேசையில் வைத்துத் தைத்துவிட்டு அலுமாரிக்குள் தள்ளலாம். கால் மெசின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். தைக்கும் தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல், அதைத் தாங்கும் இரும்புக்கால் வேறு. ஒருமுறை வைத்த இடத்தில் அது இருக்கும், வீட்டுச் சாமான்தான் அதைச் சுற்றி நகரும். கரண்ட் இல்லாவிட்டால் ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து முழுநாட்டையும் நிறுத்தியதே, அதையும்தான். ஆனாலும் கரண்ட் வெட்டை வைத்து முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன். இப்போது அப்படிப் பெரிதாகக் கரண்ட் போவதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. அதிலும் இந்த ஊரில் பராமரிப்பு.

திருகோணமலையில் எந்த வீட்டில் இருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். இந்தப் பக்கம் டச்சுக்குடா, அந்தப் பக்கம் உள்துறைமுகம். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று தரையில் இருந்து வரும், காய்ந்து கிடக்கும், பெரிதாகத் தொல்லை இல்லை. வடகிழக்கில் இருந்து வாடைக்காற்று தொடங்கினால்தான் கதை மாறும். உப்பும் ஈரமும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். ஜன்னல் கொளுக்கி, கத்தரிக்கோல், சைக்கிள் சங்கிலி, எல்லாவற்றிலும் செம்மண் பூசினதுபோலத் துரு. உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழை விட்டாலும் துரு விடாது. தையல் மெசின் மாதக்கணக்கில் தைக்காமல் கிடப்பதும் இதே மாதங்களில்தான்.

இரும்பு மெசினில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே முழுவதும் திறந்து கிடக்கும். எங்கே இரும்பும் இரும்பும் உரசுகிறதோ அங்கே எண்ணெய் விட ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கிறார்கள். நான் வாங்கி வந்தபோது சக்கரம் அரைவட்டம் சுற்றி நின்றுவிட்டது. துரு என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். துரு இல்லை, தேங்காயெண்ணெய். மெசின் எண்ணெய் கையில் இல்லாத நேரத்தில் யாரோ குசினியில் இருந்து ஊற்றியிருக்கிறார்கள். அது காலப்போக்கில் இறுகி, மஞ்சள் பிசினாகி, ஊசித்தண்டைப் பிடித்துவைத்திருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய மெசின்களில் பாதிக்கு இதுதான் வருத்தம்.

மருந்து மண்ணெண்ணெய். எண்ணெய் ஓட்டை ஒவ்வொன்றிலும் சிரிஞ்சால் சில சொட்டு விட்டு, இரவு ஊறவிட்டு, காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். முதலில் ஒரு விரற்கடை அசைந்தது. பிறகு கொஞ்சம் கூட. கீழே விரித்த பழைய பேப்பரில் கபில நிறத்தில் சொட்டத் தொடங்கியது. திரும்பவும் மண்ணெண்ணெய், திரும்பவும் ஆட்டல். சக்கரம் ஒரு முழுச்சுற்றுச் சுற்றியபோது உள்ளே இருந்து வந்த 'டக்' சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஊறின மண்ணெண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் நல்ல மெசின் எண்ணெய் விடவேண்டும். மண்ணெண்ணெய் கழுவும், வழுக்காது. அப்படியே விட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் அடைந்து கிடந்த பஞ்சை ஊசியால் கிளறி எடுத்தால் வேலை முடிந்தது. செலவு என்று சொன்னால் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு சின்ன டப்பா எண்ணெயும்தான்.

மிதிபலகையில் இருந்து மேலே போகும் தோல்வார் மழைக்காலத்தில் தொய்யும். தொய்ந்தால் கால் ஓடும், சக்கரம் ஓடாது. வாரின் கம்பியைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, புது ஓட்டை போட்டுத் திரும்பக் கொளுவினால் சரி. இதற்கு ஆளைக் கூப்பிடத் தேவையில்லை.

கரண்ட் மெசின் பற்றிச் சொல்லப் போவது மச்சாள் வீட்டில் பார்த்ததும் அங்கே அவ்வப்போது தைத்ததும்தான். எனக்குச் சொந்தமாக ஒன்று இருந்ததில்லை. எவ்வளவு காலம் உழைக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வதில் அர்த்தமில்லை. மச்சாளின் மெசின் நல்ல பெயருள்ள மெசின்தான், பெயர் இங்கே வேண்டாம். லீவு தொடங்கும் நேரம் பார்த்து அது நின்றது. மோட்டர் உறுமும், ஊசி அசையாது. ஊர்த் திருத்துநர் மூடியைக் கழற்றப் பார்த்துவிட்டு, "இதுக்கு உள்ள பிளாஸ்டிக் பல்லு, அது போச்செண்டா நான் ஒண்டும் செய்யேலாதக்கா" என்று திருப்பித் தந்துவிட்டார். கொழும்புக்குப் போனது. கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபின்தான் மெசின் வீடு வந்தது. காசு வாங்கவில்லை, உத்தரவாதக் காலம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் லீவு போய்விட்டதே.

எல்லாக் கரண்ட் மெசினுக்கும் உள்ளே பிளாஸ்டிக் பல் என்று இல்லை. உலோகப் பல் உள்ளவையும் இருக்கின்றன. கடையில் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னால் காட்டமாட்டார்கள், அதுதான் சிக்கல். பளபளக்கும் திரையும் பொத்தானும் உள்ள மெசின் என்றால் உள்ளே மின்தகடும் இருக்கும். உப்பு ஈரம் அதற்குள் போனால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ முடியாது. அது ஏன் நின்றது என்பதே நமக்குத் தெரியாது. எனக்குப் பயமெல்லாம் இந்தத் தெரியாமைக்குத்தான்.

இனி வாங்குவது. புது மெசினுக்குக் கடை, பற்றுச்சீட்டு, தவணைமுறை எல்லாம் உண்டு. பழையதுக்கு அலையவேண்டும், அலைச்சலில் போட்டியும் உண்டு. போட்டி தையற்காரர்களோடு இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி வைத்திருப்பவர்கள் இரும்புக்காலுக்கு மட்டும் ஆசைப்படுகிறார்கள். மேலே ஒரு பலகையையோ கண்ணாடியையோ போட்டால் வெள்ளைக்காரர் கோப்பி குடிக்க அழகான மேசை. தலை பழைய இரும்புக்காரரிடம் கிலோக்கணக்கில் போகும். நான் வாங்கிய வீட்டு அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டார்.

"பிள்ளை, தைக்கவோ, மேசை செய்யவோ?"

"தைக்கத்தான் அம்மா."

"அப்ப உள்ள வாங்கோ. காலை மட்டும் கேட்டு வந்தவைக்கு நான் குடுக்கேல்ல. அவர் கலியாணத்துக்கு வாங்கித் தந்தது."

பேரம் பேச நான் ஆயத்தமாகத்தான் போனேன். அதைக் கேட்டபின் பெரிதாகப் பேசவில்லை. அப்படியிருந்தும் புது மெசின் விலையில் பாதிகூட வரவில்லை. நகரத்துக்கு ஏற்றிவந்த லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) கூலிதான் உறுத்தியது.

பார்க்கப் போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள். அடிநூல் சுற்றிவைக்கும் பொபின் வட்டமா, நீளமா? படகு வடிவச் சட்டிலுக்குள் நீளப் பொபின் போகும் மிகப் பழைய மெசின்கள் பார்வைக்கு அழகு, ஆனால் அந்தப் பொபின் தொலைந்தால் தேடி மாளாது. வட்டப் பொபின் உள்ள சிங்கர் கம்பனியின் 'கிளாஸ் 15' வகை மெசின் என்றால் பொபினும் ஊசியும் தையற்சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இன்றைய கரண்ட் மெசின்களில் பலவற்றுக்கும் அதே ஊசிதான். சிங்கர் 1877இல் இருந்து இலங்கையில் வியாபாரம் செய்கிறது, ஆகையால் பழைய வீடுகளில் இந்தச் சாமானுக்குப் பஞ்சமில்லை. வலப்பக்கம் அடியில் இலக்கம் பொறித்திருக்கும். அது ஆங்கில ஈ எழுத்தில் தொடங்கும் இரண்டெழுத்தும் ஆறு இலக்கமும் என்றால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980இலேயே மூடிவிட்டார்கள், மெசின் இன்னும் தைக்கிறது. சக்கரம் இறுகியிருந்தால் பயப்படாதீர்கள், விலையைக் குறைக்க அதுவே வசதி. வார்ப்பிரும்பில் வெடிப்பு இருந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

திரும்ப விற்பதிலும் கறுப்பு மெசினுக்குத்தான் என் ஓட்டு. நான் கொடுத்த விலைக்கு நாளைக்கே கேட்க ஆள் இருக்கிறது, தைக்க இல்லாவிட்டாலும் மேசை போட. கரண்ட் மெசின் பெட்டியைப் பிரித்த அன்றே பாவித்த சாமான்.

பையைப் பொறுத்தவரை இரும்பு மெசின் அடித்து வெல்கிறது. ஜீன்ஸ் மடிப்பு நான்கு சேரும் மூலையில் தடித்த 100/16 ஊசி போட்டு மெல்ல மிதித்தால் ஒவ்வொரு குத்தாக ஏறி இறங்கும். மச்சாளின் மெசின் அந்த இடத்தில் முனகும், கையால் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதே சமயம் டீசேட் துணி, நீச்சலுடுப்பு, இழுபடும் எதையும் என் மெசினில் தைத்து ஏமாறவேண்டாம். நேர்த்தையல் இழுத்தவுடன் அறுந்துவிடும். மகளின் கடல்குளிப்பு உடுப்பின் ஓரத்தை மச்சாள் வீட்டில்தான் சிக்சாக் போட்டு எடுத்தேன். சின்னக் குழந்தை உள்ள வீடு, வாடகைக்கு அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், முழங்கால் வருத்தம் உள்ளவர்கள், எல்லாருக்கும் கரண்ட் மெசின்தான் சரி. மிதித்து மிதித்து எனக்கே பின்னேரம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதற்குப்பிறகு டச்சுக்குடாவில் மணலில் நடந்தால்தான் விடும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பழைய தலையின் பின்பக்கத்தில் சின்ன மோட்டர் பூட்டலாம், தையற்சாமான் கடைகளில் பெடலோடு விற்கிறார்கள். மோட்டர் எரிந்தால் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பத் தோல்வாரைப் போடலாம். ஊர்த் திருத்துநரும் அதற்கு மட்டும் தலையாட்டுகிறார். நான் இன்னும் பூட்டவில்லை. வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் தோள்பை கேட்டிருக்கிறார்கள், அது முடியட்டும்.

வாங்குவதாக இருந்தால் கடைசியாக லாச்சியையும் இழுத்துப் பாருங்கள். என்னுடையதில் துருப்பிடித்த தகரப் பெட்டிக்குள் ஊசிக்குக் கீழே பூட்டும் ஓரம் மடிக்கும் கால், சுருக்கு வைக்கும் கால், இரண்டு திருப்புளி, ஆறு வட்டப் பொபின், பழைய நூற்கட்டைகள் எல்லாம் இருந்தன. ஓரம் மடிக்கும் காலைத் தனியாக வாங்கப் போனால் கடைக்காரர் சொல்லும் விலைக்கு மெசினையே இன்னொருமுறை பேரம் பேசலாம்.