இலவச அலுவலக மென்பொருள்: கொழும்புத் தமிழ் வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் எது பொருந்தும்?

மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்ததால், பழைய கணினிகளில் அவற்றையே நம்பியிருந்தவர்கள் இப்போது முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சந்தாக் கட்டணமோ டொலரின் விலையோடு சேர்ந்து ஏறுகிறது. களவுப் பிரதியை நிறுவிக்கொள்வது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம் என்பதோடு, கணினிக்குள் வைரஸை வரவழைக்கும் வழியும் ஆகும். எனவே லிப்ரே ஒபிஸ், கூகுள் டொக்ஸ், டபிள்யூ.பி.எஸ். ஒபிஸ் ஆகிய மூன்றையும் நம்முடைய கோப்புகளை வைத்தே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

ஓபன் ஒபிஸ் என்ற பெயரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். 2010 இல் அந்தத் திட்டத்திலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியதே லிப்ரே ஒபிஸ். அது அடிக்கடி புதிய பதிப்புகளுடன் வளர்ந்துவர, அப்பாச்சி ஓபன் ஒபிஸ் 2014 இல் வெளிவந்த 4.1 வரிசையிலேயே நிற்கிறது. இன்றைய வேர்ட் கோப்பைத் திறக்குமே தவிர, அதே வடிவில் சேமிக்காது. ஆகவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

நமக்கு முதற் சோதனை, ஆங்கிலத்தின் சிறிய, பெரிய எழுத்துகளின் இடத்தில் வெவ்வேறு தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருதான். கோவில் அறிக்கைகள், சங்கக் கூட்டக் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள் எனப் பல ஆண்டுகளின் கோப்புகள் பாமினியில் கிடக்கின்றன. கூகுள் டொக்ஸில் நாம் விரும்பிய எழுத்துருவைச் சேர்க்க இயலாததால், அவை அங்கே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். அவற்றை முதலில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். லிப்ரே ஒபிஸும் கணினியில் நிறுவிய டபிள்யூ.பி.எஸ்ஸும் அக்கணினியிலுள்ள பாமினியை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பாமினியில் தட்டச்சு செய்பவர்கள், வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் திருத்த வசதியை உடனே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் 'கடந்த' என்று தொடங்கும் வாக்கியம் 'குடந்த' என்று மாறிவிடும். இந்தப் பிழை அச்சேறிய அழைப்பிதழ்களையும் செய்திகளையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யூனிகோடில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: லிப்ரே ஒபிஸின் பாணி அமைப்புகளில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனியே இருப்பதால், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது பழையபடியே நிற்கும். தொடக்கத்தில் இது எரிச்சலூட்டினாலும், இருமொழிக் கடிதம் எழுதுபவர்களுக்கு உண்மையில் இது பெரிய வசதி.

கணக்கு வேலையில் சிக்கல் குறைவு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கணக்கிடும் சம்பளப் பட்டியலை லிப்ரே ஒபிஸின் விரிதாள் செயலியான கல்க் தடையின்றிச் செய்யும். கணக்காளர் அனுப்பும் எக்செல் கோப்பில் மக்ரோக்கள் (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்புகள்) இருந்தால் மட்டும் அவை முழுமையாக இயங்கும் என்று நம்பிவிடக் கூடாது. அத்தகைய கோப்புகளே அன்றாட வேலையாக உள்ள நிறுவனம் உண்மையான எக்செலுக்குப் பணம் கொடுப்பதே நியாயம்.

கூகுள் டொக்ஸின் பலம் கூட்டு வேலையில் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் ஒரே விழா மலரை ஒரே நேரத்தில் திருத்துவதற்கு அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்தே தரப்படுவது; இணைப்பின்றி வேலை செய்ய முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கவும் வேண்டும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நகரத்தில், அவசரக் கோப்பு ஒன்றையும் இணையத்தில் மட்டும் வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டபிள்யூ.பி.எஸ். பார்வைக்கு வேர்ட் போலவே இருப்பதால் பழகுவது எளிது. கைப்பேசியில் ஆவணம் திறப்பதற்கும் ஏற்றது. ஆயினும் இலவசப் பதிப்பில் விளம்பரங்கள் வரும், சில வசதிகளுக்குப் பணம் கேட்கும். வாடிக்கையாளரின் விவரங்களைக் கையாளும் அலுவலகத்துக்கு, மூல நிரலை எவரும் பார்த்துச் சோதிக்கக்கூடிய லிப்ரே ஒபிஸையே நான் தெரிவு செய்வேன்.

லிப்ரே ஒபிஸை நிறுவினால் இரண்டு காரியங்களை மனதில் வையுங்கள். சேமிக்கும் வடிவத்தை அமைப்புகளில் வேர்ட், எக்செல் வடிவங்களுக்கு மாற்றிவிட்டால், கோப்பைப் பெறுபவர் திறக்க முடியவில்லை என்று தொலைபேசியில் அழைக்க நேராது. போட்டோ கொப்பிக் கடையில் அச்சிடுவதற்கு எப்போதும் பி.டி.எஃப். ஆக்கியே கொண்டு செல்லுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்திருப்பதால் கடைக் கணினியில் பாமினி இல்லாவிட்டாலும் எழுத்துகள் மாறாமல் அச்சாகும். அதே பி.டி.எஃபுக்குள் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் பொதிந்து வைக்கும் தெரிவு லிப்ரே ஒபிஸின் ஏற்றுமதிப் பெட்டியில் இருக்கிறது.