கல்யாணத்துக்கு வந்தவங்க கையெழுத்து போட ஒரு ஜோடி ஓவியம்: திருச்சில செஞ்சோம், என் ரிவ்யூ

தங்கச்சி கல்யாணம் தை மாசம் திருச்சில நல்லபடியா முடிஞ்சது. ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை படத்த வரைஞ்சு வச்சு சுத்தி இருக்கிற இடத்துல வந்தவங்கள கையெழுத்து போட சொன்னோம்ல, அத யாரு செஞ்சது, எவ்ளோ ஆச்சுன்னு சொந்தத்துல பாதி பேரு கேட்டுட்டாங்க, அதனால எல்லாத்தையும் இங்க எழுதிடுறேன். எனக்கு முழு திருப்தி, அடுத்து எங்க வீட்டுல யாரு கல்யாணம்னாலும் இத வரைஞ்சவர்கிட்ட தான் போவேன்.

வரைஞ்சவர் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரில படிச்சவர், இப்ப வீட்டு மாடிலயே உக்காந்து வேலை பாக்குறாரு. கடை கிடையாது, போர்டு கிடையாது, தெரிஞ்சவங்க சொல்லி தான் போனோம்.

போனதும் ஃபோட்டோ கேப்பாரு, முகத்த பத்தி பேசுவாருன்னு பாத்தா மொத கேள்வியே "எத்தன பேரும்மா வருவாங்க?"ன்னு தான். 600 பேருக்கு பத்திரிகை வைக்கிறோம் அண்ணேன்னேன். ஒரு வெள்ளைத் தாள எடுத்து நீட்டி "ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு கீழ ஒரு வரி வாழ்த்து எழுதுங்க"ன்னாரு. எழுதி முடிச்சதும் ஸ்கேல் வச்சு அளந்தாரு. சராசரியா ஒருத்தருக்கு 4 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரம். ஏ2 தாள் 42க்கு 59.4 சென்டிமீட்டர், அதுல மூணுல ஒரு பங்கு படத்துக்கு போச்சுன்னா மிச்சத்துல ஒரு 200 கையெழுத்து தான் நெருக்கடி இல்லாம நிக்கும், குடும்பத்துக்கு ஒண்ணுன்னு சொல்லி போட வச்சா 600 பேருக்கும் சரியா வந்துடும்னு கணக்கு சொன்னாரு. தங்கச்சிக்கு ரெண்டு பேரும் முழு உருவமா தாள் நிறைய வேணும்னு ஆசை. "பெருசா வேணும்னா வரைஞ்சு தரேம்மா, ஆனா அது மாட்டி வைக்கிற படம், எழுத வைக்கிற படம் இல்ல"ன்னுட்டாரு. இடுப்பளவு மட்டும், தாளோட நடுவுல இருந்து கொஞ்சம் கீழ தள்ளி, மாலையோட ஓரம் அப்படியே கரைஞ்சு வெள்ளைல முடியுற மாதிரி வரைஞ்சாரு. அந்த கரையுற ஓரம் தான் விஷயமே, கோடு போட்டு கட்டம் கட்டியிருந்தா ஜனங்க ஒதுங்கி ஓரத்துல தான் எழுதியிருப்பாங்க, இதுல மாலைக்கு பக்கத்துலயே தயங்காம எழுதுனாங்க.

இதுக்கு முன்னாடி சொந்தத்துல ஒரு கல்யாணத்துல ஆன்லைன்ல ஆர்டர் பண்ணது ஒண்ணு பாத்தேன். ஃபோட்டோவ ஃபில்டர்ல போட்டு ஓவியம் மாதிரி ஆக்கி பளபளன்னு கேன்வாஸ்ல பிரிண்ட் பண்ணி அனுப்பியிருந்தாங்க. பால் பென் அதுல ஒட்டவே இல்ல, மார்க்கர் குடுத்தா பின்னாடி வர்றவங்க கை பட்டு இழுவிடுச்சு, பாதி பேரு பேரு என்னன்னே தெரியல. படத்துக்கு காசு வாங்குறவங்க இதுல எழுத முடியுமான்னு ஒரு தடவ எழுதி பாக்க வேணாமா? அத பாத்ததுல இருந்து எனக்கு தாள் தான் சரின்னு மனசுல பட்டுச்சு.

இவர் போட்டது 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாள். அதுலயும் சொரசொரப்பா இருக்கிறத விட்டுட்டு வழவழப்பான ஹாட் பிரஸ் தாளா எடுத்தாரு, சொரசொரப்புல பேனா தடுக்கும், வயசானவங்க கையெழுத்து உடைஞ்சு உடைஞ்சு விழும்னாரு. வாட்டர்கலருக்கு சொரசொரப்பு தான் சுலபம், தனக்கு கஷ்டம்னாலும் எழுதுறவங்களுக்காக இத எடுத்தாரு பாருங்க.

ஃபோட்டோ விஷயத்துல கறார். செல்ஃபி வேணவே வேணாம்னுட்டாரு, கிட்ட வச்சு எடுத்தா மூக்கு பெருசாகி காது உள்ள போயிடும், வரையும்போது அந்த தப்பும் சேந்து வரும்னாரு. ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமா விழுற மாதிரி, ஃபிளாஷ் இல்லாம எடுக்க சொன்னாரு. அத வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்பணும், இல்லன்னா கண்ணு பக்கமெல்லாம் மங்கிடும்.

எனக்கு ரொம்ப புடிச்சது ஒண்ணு சொல்லணும். தங்கச்சி நல்ல மாநிறம், மாப்பிள்ளை அவள விட ஒரு படி கறுப்பு. கல்யாண ஆல்பம், பேனர்னு எது செஞ்சாலும் கேக்காமலே வெளுத்து விட்டுடுறாங்க, பத்திரிகைக்கு எடுத்த ஃபோட்டோல அவள எங்களுக்கே அடையாளம் தெரியல. இவர் அவ நிறத்த அவ நிறமாவே போட்டாரு. கன்னத்துல வெளிச்சம் படுற இடத்துல ஒரு தேன் கலர், கழுத்து நிழல்ல செம்மண் கலர், மூக்குத்தி பக்கத்துல இருக்கிற சின்ன மச்சம் கூட விடல. அம்மா பாத்துட்டு "எம்பொண்ணு தான்டி இது"ன்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

படத்தோட ஒரு சின்ன டப்பாவும் குடுத்தாரு. அதுல பிக்மென்ட் இங்க் (நிறத்தூள் கலந்த மை) பேனா, சகுரா பிக்மா மைக்ரான், கறுப்பும் செபியா கலரும் (ஒரு மாதிரி பழுப்பு). ஸ்கெட்ச் பென், சில ஜெல் பென் எல்லாம் சாயம், வெளிச்சத்துல நாளாக நாளாக வெளுக்கும், பிக்மென்ட் இங்க் காஞ்சா தண்ணி பட்டாலும் கரையாது. ஆனா முனை மெலிசு, பால் பென் மாதிரி அமுக்கி எழுதுறவங்க கைல உள்ள போயிடும், அதனால ஸ்பேர் கட்டாயம் வேணும், எங்களுக்கு வேண்டி வந்துச்சு.

டேபிள் எங்க போடுறதுன்னு தான் வீட்டுல பெரிய பேச்சு. வாசல்ல வைக்கலாம்னு சித்தப்பா சொன்னாரு, அங்க பன்னீர் தெளிச்சு சந்தனம் எடுத்த கையோட நேரா வந்து தாள்ல வைப்பாங்க. மொய் எழுதுற இடத்துக்கு பக்கத்துல வச்சா இதுக்கும் காசு குடுக்கணுமோன்னு ஒதுங்குவாங்க. பந்தி பக்கம் வச்சா கை கழுவுன ஈரம். கடைசில மேடைக்கு ஏற வரிசை நிக்கிற இடத்துல சுவரோரமா போட்டோம், அது தான் சரியான இடம், எப்படியும் ஜனங்க அங்க சும்மா தான் நிக்கிறாங்க. முகம் இருக்கிற இடத்துக்கு மட்டும் அதே அளவுல வெட்டுன ஓஎச்பி ஷீட்ட (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாள்) மேல ஒட்டி குடுத்திருந்தாரு, படமும் தெரியும், யார் முந்தானையும் முகத்துல உரசாது. சித்தப்பா பையன பக்கத்துலயே உக்கார வச்சு, "குடும்பத்துக்கு ஒண்ணு மாமா, இங்க எழுதுங்க அத்தை"ன்னு சொல்ல வச்சோம். ஆள் இல்லாம டேபிள மட்டும் போட்டா வேலைக்கு ஆகாது, யாருக்கும் என்ன செய்யணும்னு தெரியாது.

எங்க அப்பத்தாவுக்கு எழுத தெரியாது. ஸ்டாம்ப் பேட் மையில கைநாட்டு வைக்கலாமான்னு முன்னாடியே கேட்டிருந்தேன், அந்த ஊதா மை நிக்காதும்மான்னு சொல்லி, தங்கச்சி புடவையோட அரக்கு கலர்லயே ஒரு துளி வாட்டர்கலர் காய வச்சு ஸ்பாஞ்சோட டப்பால வச்சு விட்டாரு. ஸ்பாஞ்ச லேசா நனைச்சு, கலர்ல தொட்டு, அப்பத்தா கட்டைவிரல்ல தடவி அழுத்துனோம். ரேகை ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுந்துச்சு, நடுவுல அருவா வெட்டுன பழைய தழும்பும் ஒரு வெள்ளைக் கோடா தெரியுது. அத பாத்துட்டு மாப்பிள்ளை வீட்டு பாட்டியும் வந்து "எனக்கும் வையிங்க"ன்னு வச்சாங்க.

குறையும் இருக்கு. ஃபோன எடுக்கவே மாட்டாரு, மெசேஜுக்கு பதில் ராத்திரி தான் வரும், கல்யாண டென்ஷன்ல இது உயிர எடுக்கும். பாதில பாக்க கேட்டாலும் காட்ட மாட்டாரு, பென்சில் ஸ்கெட்ச் மட்டும் ஒரு தடவ அனுப்புவாரு, மாத்தம் எதுவா இருந்தாலும் அப்பயே சொல்லிடணும். மாப்பிள்ளைக்கு தாடியோட வரைஞ்சு முடிச்சப்புறம் அவரு தாடிய எடுத்துட்டாரு, வாட்டர்கலர்ல அத மாத்தவே முடியாதாம், அப்படியே தான் வச்சோம். கூரியரும் கிடையாது, நேர்ல போய் வாங்கணும்.

படத்துக்கு எங்களுக்கு 6,500 ரூபாய் ஆச்சு, பேனா டப்பா அதுலயே அடக்கம். ஃபிரேம் தனி. ஃபிரேம் கடைல லேமினேஷன் பண்ணிடலாம், ரொம்ப நாள் இருக்கும்னு சொல்லுவாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, சூட்டுல ஒட்டுனா திரும்ப பிரிக்கவே முடியாது, கலரும் செத்துடும். சுத்தி ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு (கெட்டி அட்டை) வச்சு கண்ணாடி தாள தொடாம இடைவெளி விட சொல்லுங்க, தொட்டுக்கிட்டு இருந்தா மழைக்காலத்துல ஈரம் கோத்து தாள் கண்ணாடியோட ஒட்டிக்கும். சாமி படம் மாதிரி அழுத்தி போட்டு பழகுன கடைக்காரங்க இதெல்லாம் எதுக்கும்பாங்க, நின்னு செய்ய வைங்க. வெயில் நேரா விழுற சுவத்துல மாட்டாதீங்க.

குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடியாவது இவர்கிட்ட சொல்லணும். ஆவணி முகூர்த்தத்துக்கு வேணும்னா ஆடிலயே ஃபோட்டோ குடுத்துடுங்க, அப்ப கல்யாண வேலை இல்லாம கொஞ்சம் ஃப்ரீயா இருப்பாரு, ஃபோனும் எடுப்பாரு.