போர்க்கால பம்பாயைத் தமிழில் சொல்லும் ஞாயிறு நடை

மாட்டுங்காவைச் சேர்ந்த தமிழ் நண்பர்கள் சிலர் ஞாயிறு காலைகளில் ஒரு வரலாற்று நடையை நடத்துகிறார்கள். இரண்டாம் உலகப் போரையும் அதன் பின்விளைவுகளையும் மும்பைத் துறைமுகத்தை முன்னிறுத்திச் சொல்வது அதன் நோக்கம். கட்டணம் ஒருவருக்கு 600 ரூபாய். வரைபடமும் நடுவில் ஒரு தேநீரும் அதில் அடங்கும். தமிழில் நடக்கிறது என்பதற்காக மட்டும் இதைப் பாராட்டினால், நடத்துகிறவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

மஸ்ஜித் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் நடை தொடங்குகிறது. விக்டோரியா துறைக்குள் பொதுமக்களை விடுவதில்லை என்பதால், 1944 ஏப்ரல் 14ஆம் தேதி அங்கே ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற சரக்குக் கப்பல் வெடித்த கதையை மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். அந்தக் குறையை ஈடுகட்ட, அந்தக் கப்பலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வழிகாட்டி கையாலேயே வரைந்து வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஏற்றிய சுமார் 1,400 டன் வெடிபொருள் நீல மையிலும், கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகள் சிவப்பு மையிலும் இருக்கின்றன. இரண்டு நிறங்களும் ஒரே சரக்கறையில் சேர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. பிற்பகலில் புகை கிளம்பியதையும், 4.06 மணிக்கு முதல் வெடிப்பும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இரண்டாவதும் நிகழ்ந்ததையும், 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டதையும், சிம்லாவின் நிலநடுக்கமானி அதிர்வைப் பதிவு செய்ததையும் அவர் பதறாமல் சொல்கிறார். அதே வாரங்களில் கோஹிமாவிலும் இம்பாலிலும் ஜப்பானியப் படையுடன் கடும் போர் நடந்துகொண்டிருந்ததை நினைவூட்டி, இத்தனை வெடிபொருள் பம்பாய்க்கு வந்த காரணத்தையும் விளங்க வைக்கிறார்.

கப்பலில் இருந்த தங்கப் பாளங்களுக்குத்தான் தேவைக்கு மேல் நேரம் போகிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் தூர் வாரும்போது அவை கிடைத்தன என்பது சுவையான செய்திதான். ஆனால் எங்களுடன் வந்த தாராவிப் பெரியவர், “தம்பி, செத்துப்போன துறைமுகக் கூலிக்காரங்க பேரு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காங்களா?” என்று கேட்டபோது, பதில் சொல்லாமலே குழு அடுத்த இடத்துக்கு நகர்த்தப்பட்டது. நான் போயிருந்த நடையில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான்.

பல்லார்ட் எஸ்டேட்டில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, தேநீர் அங்கேதான்.

இன்று ஐ.என்.எஸ். ஆங்ரே என்று வழங்கும் கடற்படைத் தளமான பழைய காஸில் பாரக்ஸின் வெளியே, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இந்திய மாலுமிகள் கிளர்ந்த 1946 கடற்படை எழுச்சியைச் சொல்லத் தொடங்குகிறார்கள்; அதுவே நடையின் சிறந்த பகுதி. 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்ட பிறகு, போருக்காகச் சேர்க்கப்பட்ட மாலுமிகளை என்ன செய்வது என்ற சிக்கலிலிருந்து வழிகாட்டி தொடங்குகிறார். மோசமான உணவு, அதிகாரிகளின் வசைமொழி, செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது நடந்த விசாரணை என்று காரணங்களை அடுக்கிக்கொண்டு 1946 பிப்ரவரி 18க்கு வரும்போது, தல்வார் பயிற்சித் தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் திடீரென்று வெடித்ததாகத் தோன்றுவதில்லை. இந்தியாவுக்கு ஆட்சியைக் கைமாற்றுவது பற்றிப் பேசுவதற்கான பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு மறுநாளே லண்டனில் அறிவிக்கப்பட்டதை இந்த எழுச்சியின் விளைவாகவே அவர் காட்டுவது மட்டும் ஏற்கும்படி இல்லை. ஒரே இரவில் எடுக்கக்கூடிய முடிவல்ல அது.

கேட்வே ஆஃப் இந்தியாவின் இரைச்சலில், மாலுமிகளுக்கு மக்கள் உணவு கொண்டுவந்து தந்த கதை பின்வரிசைக்குக் கேட்கவில்லை. சிறிய ஒலிபெருக்கி ஒன்று அவசியம். கொலாபாவில் உள்ள எழுச்சி நினைவிடத்தை அடையும்போது வெயில் ஏறி, எல்லோரும் நிழல் தேடுகிறார்கள். காலை ஏழு மணிக்கே தொடங்கலாம். தீயணைப்பு வீரர்களின் நினைவிடம் இருக்கும் பைகுல்லா, மஸ்ஜித் ரயில் நிலையத்திலிருந்து இரண்டே நிலையங்கள் தள்ளி இருக்கிறது. நடையில் சேர்க்க முடியாவிட்டாலும் வரைபடத்திலாவது அதைக் குறித்திருக்கலாம்.