மணமானவர், பெண்கள்: குருப்பட்டம் குறித்த இரு விவாதங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையில் மணமான ஆண்களுக்கும் குருப்பட்டம் வேண்டும், பெண்களுக்கும் வேண்டும் என்ற இரண்டையும் ஒரே கோரிக்கையாகப் பேசுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. முதலாவது ஒழுங்குமுறை பற்றியது; இரண்டாவதைத் திருச்சபை கோட்பாடாகவே வைத்திருக்கிறது.

மணமான ஆண்களுக்குக் குருப்பட்டம் இன்றும் உண்டு. திருத்தந்தையை (போப்பை) ஏற்றுக்கொண்டு, கீழை வழிபாட்டு மரபைப் பின்பற்றும் கீழைக் கத்தோலிக்கச் சபைகள் பலவற்றில் அது பழைய வழக்கம். அங்கே வரிசைதான் முக்கியம்: திருமணம் முதலில், பட்டம் பிறகு. பட்டத்துக்கு முன் திருமணச் சான்றிதழும் மனைவியின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். மனைவி இறந்தால் பொதுவாக மறுமணம் இல்லை; ஆயராகவும் (பிஷப்) மணமானவர் வர முடியாது. மேலை மரபைச் சேர்ந்த இலத்தீன் சபையில் மணத்துறவே, அதாவது மணம் செய்யாமல் வாழ்வதே, விதி (திருச்சபைச் சட்டம் 277). ஆனால் கத்தோலிக்கராக மாறிய மணமான ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) போதகர்கள் சிலர் விதிவிலக்கு பெற்றுக் குருக்களாகியிருக்கிறார்கள். ஆக, திருத்தந்தை நினைத்தால் இந்த விதியைத் தளர்த்தலாம். அமேசான் பகுதிக்காக 2019-இல் கூடிய ஆயர் மன்றம் அதைக் கேட்டது. 2020-இல் வந்த அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸின் மடல் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

பெண்கள் விஷயத்தில் தடை இன்னும் ஆழமானது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற ஆண் மட்டுமே செல்லத்தக்க விதத்தில் பட்டம் பெற முடியும் என்கிறது சட்டம் 1024. ‘செல்லத்தக்க’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: மீறி நடத்தினால் அது பட்டமே ஆகாது, விதிவிலக்குக்கும் இடமில்லை. இதை மாற்றத் திருச்சபைக்கே அதிகாரமில்லை என்று 1994-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். மீறுவோருக்குத் திருச்சபை விலக்குத் தண்டனையும் உண்டு.

ஆகவே மணத்துறவு தளர்ந்தால் பெண் குருத்துவமும் தானாக வரும் என்று நம்பிக்கை தருவது, காத்திருக்கும் பெண்களுக்குச் செய்யும் அநீதி.